பெரில் முழுதாகக் கேட்காத பேச்சுகள்

கார்ல்பி வட்டார வரலாற்றுச் சங்கம் வருடத்துக்கு ஏழு பேச்சு நடத்தும். செப்டம்பரிலிருந்து மார்ச் வரை, மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, மாலை ஏழரை மணி, மெதடிஸ்ட் தேவாலயத்தின் பின்கூடம். ஏப்ரலில் ஆண்டுப் பொதுக்கூட்டம். மே மாதம் பஸ்ஸில் ஒரு பயணம், ஜூனில் ஊரைச் சுற்றி ஒரு நடை. ஜூலையும் ஆகஸ்டும் கூட்டமில்லை, அவரவர் தோட்டத்துக்கு. இவ்வளவும் மூன்றாக மடித்த ஒரு மஞ்சள் அட்டையில் அடங்கிவிடும். ஊரில் பாதி வீடுகளில் அந்த அட்டை குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிக்கொண்டிருக்கும். கடைசி மடிப்பில் சின்ன எழுத்தில், ‘நிகழ்ச்சிச் செயலாளர்: திருமதி பெரில் ஸ்டெனெட்’ என்று இருபத்திரண்டு வருடமாக அச்சாகிக்கொண்டிருந்தது.

நூற்றைம்பது பேச்சுக்கு மேல் ஏற்பாடு செய்த அந்த அம்மாள், ஒன்றைக்கூட முழுதாகக் கேட்டதில்லை.

காரணம் பாய்லர். பின்கூடத்துச் சமையலறையில் ஒரு பழைய வெந்நீர் பாய்லர் இருக்கிறது. எட்டு மணிக்குப் போட்டால் எட்டரைக்குக் கொதிக்கும். தானாக அணையாது. முன்னதாகப் போட்டால் மூடி தடதடவென்று ஆடி, பேச்சாளரின் குரலை விழுங்கிவிடும். பிந்திப் போட்டால் டீ தாமதமாகும். டீ ஐந்து நிமிடம் தாமதமானால் எங்கள் ஊர்க்காரர்கள் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். வரலாறு காத்திருக்கும், அவர்கள் காத்திருக்க மாட்டார்கள். ஆகவே பேச்சு சூடு பிடிக்கிற எட்டு மணிக்கு பெரில் எழுந்து போவார். பாய்லரைப் போட்டு, முப்பத்தைந்து கோப்பைகளை அடுக்கி, பால் ஜாடிகளை நிரப்பி, பிஸ்கட்டைத் தட்டில் பிரித்து வைப்பதற்குள் கைதட்டல் கேட்கும். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு சிறு ஜன்னல் உண்டு. அதன் வழியாகத் திரையின் இடது ஓரமும் முன்னால் இருப்பவர்களின் பின்னந்தலைகளும் தெரியும்.

“இந்த ஊர் ஆளுங்க மூஞ்சியைவிடப் பிடரிதான் எனக்கு நல்லாத் தெரியும்,” என்பார்.

இதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. எங்கள் அப்பா கோஸ் வயலில் அறுவடைக் கத்தி பிடிப்பவர். அவருடைய அப்பாவும் அப்படித்தான். ஃபென் எண்ட் என்கிற பதினாலு வீட்டுக் கிராமத்திலிருந்து பல்கலைக்கழகம் போய் வரலாற்றில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். எங்கே எழுத உட்கார்ந்தாலும் இதை ஒருமுறை சொல்லாமல் என் கை நகராது. திரும்பி வந்ததும் சங்கத்தில் சேர்ந்தேன். கூட்டக் குறிப்பு எழுதும் வேலையைக் கொடுத்தார்கள். அடுத்த பிப்ரவரியில் பேசவும் அழைத்தார்கள். எங்கள் பக்கத்துப் பொது மேய்ச்சல் நிலத்துக்கு வேலி போட்டு, ஏழைகளின் மாடுகளை வெளியே தள்ளிய கதையை ஒரு மணி பத்து நிமிடம் பேசினேன். அப்பா வேலைச் சப்பாத்தோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

முடிந்ததும் பெரில் டீயைக் கையில் கொடுத்து, “முதல் பாதி ரொம்ப நல்லாருந்துச்சுப்பா,” என்றார். “வேலி போட ஆரம்பிச்சாங்க, நான் பாய்லர் போடப் போயிட்டேன். மாடுங்க என்னாச்சு?”

வீட்டுக்குத் திரும்பும்போது அப்பா சொன்னார்: “பாதி அந்தம்மாவுக்குக் கேக்கல. மீதி எனக்குப் புரியல. மத்தபடி நல்லாத்தான் பேசுன.”

பெரில் டாக்டர் வீட்டு முன்மேசையில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்து, நோயாளிகளுக்கு நேரம் குறித்துக் கொடுத்தவர். யாருக்குக் காய்ச்சல், யாருக்குப் பொய்க் காய்ச்சல் என்பது தொலைபேசிக் குரலிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். ஓய்வு பெற்ற வருடம் அக்டோபரில்தான் முதல்முறையாகச் சங்கத்துக்கு வந்தார். அன்றைய பேச்சு கார்ல்பி கிளை ரயில் பாதையைப் பற்றியது. பெல் என்கிற ரயில் பித்தர் படங்களோடு வந்திருந்தார். பெரிலின் அப்பா அந்தப் பாதையில் கேபின்மேன், பத்தொன்பது வருடம் சிக்னல் நெம்புகோல் இழுத்தவர். பாதையை மூடிய மறு வருடமே அவரும் போய்ச் சேர்ந்தார். வீட்டில் அவருடைய படங்கள் இரண்டுதான். ஒன்று கல்யாணத்தில் எடுத்தது. மற்றது கடற்கரையில் எடுத்தது, அதில் கண்ணை மூடியிருக்கிறார்.

அந்த வாரம் பார்த்து, அப்போதைய செயலாளர் காலை உடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். யாரோ பெரிலிடம், “நீங்க டாக்டர்கிட்ட இருந்தவங்கதானே, நேரமெல்லாம் பாப்பீங்களே. இன்னைக்கு ஒருநாள் அந்த பாய்லரை மட்டும் பாத்துக்குங்களேன்,” என்றார்கள். பெரில் போனார். கிளைப் பாதையின் கதை முக்கால்வாசி தாண்டும்போதுதான் கார்ல்பி வரும். கார்ல்பி சிக்னல் கேபின் படம் எட்டேகாலுக்குத் திரையில் விழுந்தது. டீத் தட்டோடு வெளியே வந்த பெரிலைப் பார்த்து நாலு பேர் ஒரே குரலில், “அய்யோ பெரில், உங்கப்பாவைப் பாக்காம விட்டுட்டீங்களே! கேபின் ஜன்னல்ல நின்னுட்டிருந்தாரு!” என்றார்கள்.

அந்தப் படத்துக்குப் பிரதி கேட்டார். மிஸ்டர் பெல், “பெட்டிகள்ல தேடணும்மா, கிடைச்சா அனுப்புறேன்,” என்றார். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளில் அதையே வருடா வருடம் எழுதினார். ஒன்பதாம் வருடம் பெரில் அவரை மறுபடி அழைத்தார். அன்றைக்குப் படக்கருவியின் விளக்கு வெடித்தது. மாற்று விளக்குக்காகப் பெரில் பள்ளிக்கூடத்துக்குக் காரை விரட்டிப் போய்த் திரும்பியபோது, மிஸ்டர் பெல் படமில்லாமலே பேசிக்கொண்டு போனதில், கேபின் தாண்டி ரயில் கடலோரம் போய்விட்டிருந்தது.

இருபத்திரண்டாம் வருடம் மிஸ்டர் பெல்லுக்கு எண்பத்து நாலு வயது. வருகிற அக்டோபரில் ஒருமுறை பேசிவிட்டுப் படங்களையெல்லாம் எங்கோ தூரத்து அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடப் போவதாக எழுதியிருந்தார். பெரில் அந்தத் தேதியை அட்டையில் போட்டுவிட்டு என்னிடம் சொன்னார்:

“ஏப்ரல் கூட்டத்துல நான் இறங்கிடணும்ப்பா. அக்டோபர்ல எனக்குப் பதவி இருக்கக் கூடாது.”

“அன்னைக்கு ஒருநாள் மட்டும் யாரையாவது பாத்துக்கச் சொல்லலாமே?”

“சொல்லிப் பாத்தாச்சு. பாய்லரைப் பாத்துக்குவாங்க. அப்புறம் பேச்சாளர் தண்ணி கேப்பாரு. கதவு காத்துல அடிக்கும். கழிப்பறையில விளக்கு எரியலைன்னு ஒருத்தர் வருவாரு. எல்லாத் தலையும் என்னைத்தான் திரும்பிப் பாக்கும். இந்த வேலை என்கிட்ட இருக்கற வரைக்கும் நான் உக்காந்தாலும் நின்னுட்டிருக்கற மாதிரிதான்.”

அவருடைய முழங்கால் இரண்டும் போயிருந்தன. கூட்ட நாளில் ஐந்து மணிக்கே வந்து நாற்காலி போடுவார். ஸ்டேஷனுக்குப் போய்ப் பேச்சாளரை அழைத்து வருவார். எல்லாம் முடிந்தபின் நாற்காலி அடுக்குவார். மே மாதப் பயணத்தில் பழைய மாளிகையை மற்றவர்கள் சுற்றிப் பார்க்கும்போது, இவர் வாசலில் நின்று தலை எண்ணிக்கொண்டிருப்பார். முப்பத்தொரு பேரில் முப்பது பேர்தான் பஸ் ஏறியிருப்பார்கள். அந்த ஒருவர் எப்போதும் நெவிலாக இருப்பார்.

நெவிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாய்க்கால் வாரியத்தில் நாற்பது வருடம் பம்பு ஓட்டி ஓய்வு பெற்றவர். கடைசி வரிசையில் சுவரோரம் உட்கார்ந்து, எந்தப் பேச்சு முடிந்தாலும் ஒரு குறை சொல்வார். படம் மங்கல், பேச்சாளர் முணுமுணுக்கிறார், பிஸ்கட் நமத்துவிட்டது. பெரில் அவருக்குப் பதில் சொல்வதை என்றோ விட்டுவிட்டார்.

சங்கத் தலைவர் டெஸ்மண்ட் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அவரிடம் பெரில் பதவி விலகல் கடிதம் கொடுப்பது ஒன்பதாவது முறை. ஏப்ரல் கூட்டத்தில் நடப்பது எல்லோருக்கும் மனப்பாடம். டெஸ்மண்ட் எழுந்து, “பெரில் இந்த வருஷத்தோட விலகணும்னு சொல்றாங்க. யாராவது முன்வர்றீங்களா?” என்று கேட்பார். அமைதி. ஒருத்தர் மூக்குக்கண்ணாடி துடைப்பார். இன்னொருத்தர் கைப்பையில் சாவி தேடுவார். நான் குறிப்பேட்டில் தேதிக்குக் கீழே இன்னொரு கோடு போடுவேன். எனக்குத்தான் ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறதே என்பது என் சமாதானம். பட்டம் வாங்கியது பால் ஜாடி நிரப்பவா என்ற எண்ணமும் உள்ளே இருந்தது, இப்போது ஒத்துக்கொள்கிறேன். அந்த அமைதி அரை நிமிடம்கூடப் போகாது. பெரில் சமையலறை வாசலில் நின்றபடி, “சரி விடுங்க, இன்னும் ஒரு வருஷம்,” என்பார். கைதட்டல் கூரையைத் தொடும்.

அந்த வருடம் ஜனவரியில் ஒரு விபரீதம் நடந்தது. எங்கள் சங்கத்தில் பேச்சாளரை ஒன்றரை வருடம் முன்னதாகவே பிடித்து வைக்க வேண்டும். அதனால் பெரிலிடம் எப்போதும் இரண்டு நாட்குறிப்புகள் இருக்கும், இந்த வருடத்துக்கு ஒன்று, அடுத்த வருடத்துக்கு ஒன்று. பழையதில் எழுதியதைப் புதியதுக்கு மாற்றி எழுதும் வேலை டிசம்பரில். முன்பொரு டிசம்பரில் காய்ச்சலில் படுத்திருந்தவர் ஒரு பக்கத்தை மாற்றி எழுதாமல் விட்டுவிட்டு, காலியாகத் தெரிந்த தேதிக்கு இன்னொருவரையும் பிடித்து வைத்துவிட்டார். ஜனவரி இரண்டாம் செவ்வாய் மாலை கூடத்துக்கு இரண்டு பேச்சாளர்கள் வந்து நின்றார்கள். ஒருவர் வயலில் மண்ணைக் குடையும் அகழெலிகளைப் பிடிப்பவர், நாலு தலைமுறைப் பொறிகளைச் சாக்கில் போட்டுத் தூக்கி வந்திருந்தார். மற்றவர் ஒரு பருத்த அம்மாள், விக்டோரியா ராணி காலத்து உள்ளாடைகளை இரண்டு பெட்டியில் கொண்டு வந்திருந்தார்.

பெரில் நாட்குறிப்பைத் திறந்து பார்த்தார். சமையலறையில் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “முப்பத்தொரு வருஷத்துல ஒரே நேரத்துக்கு ரெண்டு நோயாளியை நான் வரச் சொன்னதில்ல.” கொஞ்ச நேரம் கழித்து, வேறொரு குரலில், “இதுக்காவது என்னைத் தூக்கிருவாங்கல்ல?” என்றார். அந்தக் குரலில் இருந்தது பயம் இல்லை.

டெஸ்மண்ட் ஆளுக்கு அரை மணி நேரம் பிரித்துக் கொடுத்தார். அகழெலிக்காரர் முடித்ததும் மேடையிலிருந்து இறங்கவில்லை. அந்த அம்மாள் காட்ட எடுத்த ஒரு பெரிய கால்சட்டையைப் பிடித்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது, அவர் ஒரு முனையைப் பிடித்தார்.

“இதுக்குள்ள எத்தனை அகழெலி பிடிக்கலாம்?” என்று யாரோ கேட்டார்கள்.

“முதல்ல இதைப் போட்டவங்க வெளிய வரட்டும்,” என்றார் அகழெலிக்காரர்.

கூடம் அதிர்ந்தது. நெவில்கூடச் சிரித்ததை நான் பார்த்தேன்.

டீ நேரத்தில் பெரில் திட்டு வாங்கத் தயாராகத் தட்டோடு நின்றார். டெஸ்மண்ட் இரண்டு கையாலும் அவர் தோளைப் பிடித்து, “பெரில், என்ன அருமையான யோசனை! ஒரு ராத்திரிக்கு ரெண்டு பேச்சு! அடுத்த வருஷமும் ஜனவரியில இப்படியே வச்சுருங்க,” என்றார். பெரில் தட்டை மேசையில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய், கோப்பை அடுக்கும் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். நான் எட்டிப் பார்த்தேன்.

“தப்புப் பண்ணாக்கூட விடமாட்டேங்கறாங்கப்பா,” என்றார்.

ஏப்ரல் வந்தது. அன்று பொதுக்கூட்டத்துக்கு வழக்கம்போல முப்பது பேர். பெரில் ஐந்து மணிக்கே வந்து நாற்காலி போட்டிருந்தார், கோப்பை அடுக்கியிருந்தார். ஆனால் கூட்டம் தொடங்கும்போது சமையலறை வாசலில் அவர் இல்லை. மூன்றாம் வரிசை ஓரத்தில், கோட்டைக் கழுத்து வரை பொத்தான் போட்டு, கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். பாய்லரை ஏழரைக்கே போட்டிருந்தார். மறந்து போட்டாரா தெரிந்தே போட்டாரா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

தலைவர் பதவி, பொருளாளர் பதவி, குறிப்பு எழுதும் என் பதவி, எல்லாம் மளமளவென்று முடிந்தன. டெஸ்மண்ட் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“நிகழ்ச்சிச் செயலாளர். பெரில் விலகணும்னு கேட்டிருக்காங்க. யாராவது முன்வர்றீங்களா?”

அமைதி. கண்ணாடி துடைக்கப்பட்டது. சாவி தேடப்பட்டது. நான் கோடு போட்டேன். அரை நிமிடம் ஆனது. எல்லோரும் அந்த “சரி விடுங்க”வுக்காகக் காத்திருந்தோம். பெரில் நேரே முன்னால், திரை மடித்து வைத்திருந்த மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் ஆனது. இரண்டாவது கோட்டுக்குக் கீழே மூன்றாவதும் போட்டுவிட்டேன்.

அப்போது பாய்லர் ஆரம்பித்தது. முதலில் ஒரு முனகல். பிறகு மூடி தடதடத்தது. பிறகு நீர் தெறித்துத் தரையில் விழும் சத்தம். முப்பது தலைகளும் பெரிலைத் திரும்பிப் பார்த்தன. அவர் கைப்பையின் பிடியை இறுகப் பற்றியிருந்தார். எழுந்திருக்காமல் இருப்பதற்கு அவ்வளவு பலம் வேண்டியிருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

“அட, யாராவது அந்தச் சனியனை அணைங்கப்பா!” என்றார் நெவில் கடைசி வரிசையிலிருந்து.

யாரும் அசையவில்லை.

“காது போகுது! எல்லாரும் சிலை மாதிரி உக்காந்திருக்கீங்க!” நாற்காலி கிறீச்சிட எழுந்து தடதடவென்று சமையலறைக்குப் போனார். சத்தம் நின்றது. சட்டைக் கை ஈரமாக அவர் வெளியே வரவும், டெஸ்மண்ட் முப்பது வருடம் பள்ளிக்கூடம் நடத்திய வேகத்தில், “ரொம்ப நன்றி நெவில். நெவில் பேரை யார் முன்மொழியறீங்க?” என்றார்.

இருபது கை எழுந்தது. என் கையும்தான்.

“ஏய், ஏய்! நான் பாய்லரை அணைக்கத்தான்யா போனேன்!”

பெரில் திரும்பிப் பார்த்தார். “நானும் அதைப் போடத்தான் போனேன் நெவில். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி.”

கூடம் சிரித்து அடங்கிய பிறகும் நெவில் நின்றுகொண்டே இருந்தார். பிறகு, “பிஸ்கட்டை நான்தான் வாங்குவேன். யாரும் வாய் திறக்கக் கூடாது,” என்றார். குறிப்பேட்டில் ‘ஒருமனதாக’ என்று எழுதினேன்.

பதவியை ஒப்படைப்பதும் ஓய்வாக இருக்கவில்லை. ஒரு பழைய ஷூ பெட்டியில் சாவிகள், நீட்டிப்பு ஒயர், மாற்று விளக்கு, இருபத்திரண்டு வருடப் பேச்சாளர் சீட்டுகள். ஒவ்வொரு சீட்டிலும் பெரில் ஒரு வரி எழுதியிருந்தார். ‘இவர் நிறுத்தவே மாட்டார், ஒயரைப் பிடுங்கவும்.’ ‘நாயைக் கூட்டி வருவார், தண்ணீர் வைக்கவும்.’ ‘சர்க்கரை நோய், கேக் காட்டவே கூடாது.’ என் சீட்டையும் தேடி எடுத்துப் பார்த்தேன். ‘நல்ல பையன். நீளம். மாடுகள் என்ன ஆயின என்று கேட்க வேண்டும்.’ கோடை முழுக்க நெவில் தினம் ஒருமுறை அவருக்குத் தொலைபேசினார். பஸ்காரர் நம்பர் எங்கே, கூடத்துச் சாவி எந்தப் பக்கம் திருப்பணும், பால் எத்தனை. பெரில் சலித்துப்போய், “வேலையை விட்டப்புறம்தான் ஜாஸ்தி வேலை,” என்றார். மே பயணத்தில் மட்டும் அவர் மாளிகைக்குள் போனார். நெவில் வாசலில் நின்று தலை எண்ணினார். அந்த வருடம் யாரும் பஸ்ஸைத் தவற விடவில்லை.

அக்டோபர் இரண்டாம் செவ்வாய். மழை. மிஸ்டர் பெல் இரண்டு கைத்தடியோடு வந்தார், பேச நாற்காலி கேட்டார். பெரில் மூன்றாம் வரிசையில் அதே ஓர நாற்காலியில் உட்கார்ந்தார். விளக்கை அணைத்தார்கள். ரயில் மெதுவாகக் கிளம்பி ஒவ்வொரு ஸ்டேஷனாக நின்று நின்று வந்தது. கிழவரின் குரல் தாழ்ந்து, ஒரே சுருதியில், சூடான கூடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஏழு ஐம்பதுக்கு நான் திரும்பிப் பார்த்தபோது பெரிலின் தாடை மார்பில் இறங்கியிருந்தது. நல்ல தூக்கம். இருபத்திரண்டு வருடத்துத் தூக்கம் மாதிரி இருந்தது. எழுப்ப எனக்கு மனசு வரவில்லை. எழுப்பாமலிருக்கவும் முடியவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

எட்டு மணி தாண்டியது. பாய்லர் போடுவதற்காக நெவில் சுவரோரமாக நடந்து போய்க்கொண்டிருந்தார். திரையில் ‘கார்ல்பி’ என்ற பலகை தெரிந்தது. அடுத்த படத்தில் செங்கல் அடித்தளம், மர மேற்கூடு, திறந்த ஜன்னல், ஜன்னலில் ஒரு ஆள். நெவில் சட்டென்று நின்றார். திரையைப் பார்த்தார், மூன்றாம் வரிசையைப் பார்த்தார். சமையலறைக் கதவை விட்டுவிட்டு வரிசைக்குள் புகுந்து, நாலு பேர் காலை மிதித்துக்கொண்டு போய், பெரிலின் தோளைத் தொட்டார்.

“பெரில். எந்திரிங்க. உங்கப்பா வந்திருக்காரு.”

பெரில் திடுக்கிட்டு நிமிர்ந்தார். மிஸ்டர் பெல் பேச்சை நிறுத்தினார். நெவில் அவரைப் பார்த்து, “அப்படியே வைங்க ஐயா, மாத்தாதீங்க,” என்றார்.

பெரில் கைப்பையில் துழாவிக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். பார்த்தார். முன் நாற்காலியின் முதுகைப் பிடித்து எழுந்து நின்று பார்த்தார்.

“இது எங்கப்பா இல்ல,” என்றார். “இது ஞாயித்துக்கிழமை மாத்து ஆள். அப்பா தொப்பியை இப்படிச் சாய்ச்சுப் போடவே மாட்டாரு.”

அன்றைக்கு நாலு குரலாகக் கத்திய நாலு பேரில் இரண்டு பேர் இப்போது உயிரோடில்லை. மற்ற இருவரும் தரையைப் பார்த்தார்கள். மிஸ்டர் பெல் கைத்தடியைத் தடவிக்கொண்டே, “மன்னிச்சுக்கம்மா. எனக்குப் பேரு தெரியாது. கேபின்னு மட்டும்தான் எழுதி வச்சிருக்கேன்,” என்றார்.

“பரவால்ல. நீங்க மேல சொல்லுங்க மிஸ்டர் பெல். இதுக்கப்புறம் ரயில் எங்க போகும்னே எனக்குத் தெரியாது.”

அவர் மேலே சொன்னார். உப்பளம் வந்தது, மீன் ஏற்றும் மேடை வந்தது, கடல் வந்தது. பெரில் தூங்கவில்லை. கடைசிப் படம் அணையும் வரை கையை மடியில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

விளக்கு எரிந்தபோதுதான் நெவில், “அய்யோ, பாய்லர்!” என்று ஓடினார். டீ வர அரை மணி நேரம் பிடித்தது. சிலர் கோட்டை எடுத்தார்கள். பெரில் உட்கார்ந்தே இருப்பதைப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டி வைத்தார்கள். நான் சமையலறைக்குப் போய்ப் பால் ஜாடிகளை நிரப்பினேன். கோப்பையைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது பெரில் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

“உக்காருப்பா,” என்றார் நகர்ந்து இடம் கொடுத்து. “அந்த மாடுங்க என்னாச்சுன்னு சொல்லு.”